ஐக்கியத்தின் பெயரால்

முதலாளி தொழிலாளியைப் பழிவாங்குவான் என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1980 யூலை வேலைநிறுத்தத்திலே பங்குபற்றினார்கள் என்ற ஒரே குற்றத்துக்காக 40,000 பேருக்கு மேற்பட்டோர் வேலை இழந்த நாடு இது. அரசின் பழிவாங்கல், முதலாளியின் பழிவாங்கல் என்றால் எமது பேனாக்கள் தாமாகவே எழுந்து நிற்கின்றன. அது நன்று, அவ்வாறே இருத்தலும் வேண்டும்.

ஆனால், "சங்கத் தேர்தலிலே தலைமையை எதிர்த்து நின்றேன், அதற்காகச் சங்கமே என்னைப் பழிவாங்கிற்று" என்று ஒரு தொழிலாளி முறையிட்டு வரும்போது இதே பேனாக்கள் ஏன் மை வற்றிப் போகின்றன? முற்போக்காளர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் நண்பர்களிற் பலர் அப்பொழுது மூன்று மறுமொழிகளை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். "இது சங்கத்தின் உள்வீட்டு விவகாரம், வெளியிலே பேசலாகாது" என்பது ஒன்று. "இப்பொழுது பேசினால் எதிரியின் கையிலே ஆயுதத்தைக் கொடுப்பதாகும், ஐக்கியம் குலையும்" என்பது இரண்டாவது. "தோற்றவன் புலம்புகிறான்" என்பது மூன்றாவது. இம்மூன்றையும் நாம் பல மேடைகளிலே கேட்டிருக்கின்றோம். சில வேளைகளில் நாமே சொல்லியும் இருக்கின்றோம். ஆகவே இவற்றைப் பரிசீலிப்பது பிறர்மேற் குற்றஞ் சுமத்தும் வேலையன்று. எம்மை நாமே விசாரிக்கும் வேலையாகும்.

இவ்விசாரணைக்கு அமெரிக்க ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் 1969ஆம் ஆண்டுத் தேர்தலை நாம் எடுத்துக்கொள்கின்றோம். எம் நாட்டுச் சங்கம் ஒன்றை எடுத்துக்கொண்டால் வாசகர் முதலிலே கட்சி பார்ப்பர். பிறகுதான் உண்மையைப் பார்ப்பர். இதுவோ நீதிமன்றங்கள் தீர்த்து முடித்த வழக்கு. இதிலே பழிவாங்கல் நடந்ததா என்ற ஐயம் எவருக்கும் இல்லை. ஐயமற்ற ஒரு நிகழ்ச்சியிலே மேற்சொன்ன மூன்று மறுமொழிகளும் எங்கே கொண்டுபோய் விட்டன என்று பார்த்தால், ஐயமுள்ள நிகழ்ச்சிகளிலே நாம் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதும் துலங்கும்.

அச்சங்கம் சாதாரணமான சங்கமன்று. 1920 முதல் 1960 வரை நாற்பது ஆண்டுகள் ஜோன் எல். லூயிஸ் என்னும் பேராற்றல் வாய்ந்த மனிதரின் தலைமையிலே வளர்ந்தது. நிலக்கரி முதலாளிகளையும் ஜனாதிபதிகளையும் ஒருங்கே நடுங்கவைத்தது. சுரங்கத் தொழிலாளிக்கு மருத்துவமனையும் ஓய்வூதியமும் பெற்றுக்கொடுத்தது. ஆயினும், அந்த நாற்பது ஆண்டுகளிலேயே நோயின் வித்தும் ஊன்றப்பட்டது. பெரும்பாலான மாவட்டங்களிலே நிருவாகிகளைத் தொழிலாளர் தெரிவு செய்யும் உரிமை பறிக்கப்பட்டது. தலைவரே அவர்களை நியமித்தார். "போராட்ட காலம், கட்டுப்பாடு தேவை" என்றார்கள். போராட்டம் ஓய்ந்தது, கட்டுப்பாடு மாத்திரம் நிலைத்தது. தலைவரால் நியமிக்கப்பட்டவன் தலைவருக்கே கடமைப்பட்டவன் ஆனான். நிலத்தின் கீழே வேலை செய்தவனுக்கு அவன் கடமைப்படவில்லை.

1963இல் இந்த யந்திரம் டோனி பொயில் என்பவரின் கைக்கு வந்தது. லூயிஸின் அதிகாரம் முழுவதும் வந்தது; அவரது பெருமையிற் சிறு பங்கேனும் வரவில்லை. 1968 நொவெம்பர் 20ஆம் நாள் மேற்கு வேர்ஜினியாவின் பார்மிங்ரன் நகரருகே ஒரு சுரங்கம் வெடித்து 78 தொழிலாளர் மாண்டனர். புகை அடங்குமுன் அங்கு வந்து நின்ற சங்கத் தலைவர், விதவைகளின் கண்முன்னே, பாதுகாப்பு விடயத்தில் ஒத்துழைக்கும் நல்ல கம்பனிகளுள் இதுவும் ஒன்று என்று சுரங்க முதலாளிக்கு நற்சான்று வழங்கினார். அடுத்த ஆண்டு பெப்ரவரியிலே, நிலக்கரித் தூசியால் நுரையீரல் கறுத்து மாளும் நோய்க்கு நட்ட ஈடு கோரி மேற்கு வேர்ஜினியாவின் சுரங்கத் தொழிலாளர் ஏறக்குறைய 40,000 பேர் வேலையை நிறுத்தினர். அவ்வேலைநிறுத்தத்தைச் சங்கத் தலைமை நடத்தவில்லை. தொழிலாளர் தாமாகவே நடத்தினர்.

இந்நிலையிலேதான் 1969 மே 29ஆம் நாள் ஜோசப் யாப்லொன்ஸ்கி, தலைவர் பதவிக்குத் தாம் போட்டியிடுவதாக அறிவித்தார். இவரை நாம் தூய துறவியாகச் சித்திரிக்க விரும்பவில்லை. நீண்ட காலம் சங்கத்தின் நிறைவேற்றுக் குழுவில் இருந்தவர். அந்த யந்திரத்தின் ஓர் உறுப்பாகவே வாழ்ந்தவர். பொயிலை மேடைகளிலே புகழ்ந்தவர். 1966இல் பொயிலின் நெருக்குதலால் ஐந்தாம் மாவட்டத் தலைவர் பதவியை விட்டு விலகியபோதும் வெளிப்படையாகப் போராடவில்லை. ஆனால் ஒரு மனிதன் பிந்தி விழித்தான் என்பது அவன் விழித்தமைக்கு எதிரான வாதம் ஆகாது. சங்கத்தைச் சுரங்கத் தொழிலாளியிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், சுரங்கங்களிலே உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பனவே அவர் முன்வைத்த கோரிக்கைகள்.

பழிவாங்கல் உடனே தொடங்கிற்று. அதன் படிமுறையை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். முதலாவது, சங்கத்தின் அரசியற் பிரிவிலே அவர் வகித்த பொறுப்பு யூன் மாதத்திலேயே பறிக்கப்பட்டது. நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அது மீளக் கிடைத்தது. இரண்டாவது, தொழிலாளரின் சந்தாப் பணத்தில் அச்சாகும் சங்கப் பத்திரிகை பொயிலின் புகழ்மாலையாயிற்று; எதிர்த்து நின்றவர் பிறக்கவே இல்லை என்பதுபோல அதன் பக்கங்கள் இருந்தன. தமது தேர்தற் பிரசுரங்களைத் தபாலில் அனுப்புவதற்கும் அவர் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. மூன்றாவது, தேர்தல் சூடு பிடித்த அதே யூன் மாதத்திலே 115 டொலராக இருந்த மாத ஓய்வூதியம் திடீரென 150 டொலராக உயர்ந்தது. ஓய்வு பெற்றோருக்கும் வாக்குரிமை உண்டு என்பதை இங்கே நினைவிற் கொள்க. நான்காவது, யூன் இறுதியில் இலினோய் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலே ஒரு கூட்டத்தில் அவர் பின்னாலிருந்து தாக்கப்பட்டு நினைவிழந்து வீழ்ந்தார்.

அவரது சட்டத்தரணி ஜோசப் ரோ, தொழில் அமைச்சராயிருந்த ஜோர்ஜ் ஷுல்ட்ஸிடம் முறையிட்டார், விசாரணை கோரினார். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 601ஆம் பிரிவு அமைச்சருக்கு எந்நேரமும் விசாரிக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. தேர்தல் முடியும்வரை தலையிடுவதில்லை என்று அமைச்சர் இருந்துவிட்டார். உள்வீட்டு விவகாரம் அல்லவா!

டிசெம்பர் 9ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. பொயிலுக்கு 80,577 வாக்குகள், யாப்லொன்ஸ்கிக்கு 46,073. அவர் தோல்வியை ஏற்கவில்லை. மோசடி நடந்தது, விசாரணை வேண்டும் என்று மீண்டும் தொழில் அமைச்சைக் கேட்டார். "தோற்றவன் புலம்புகிறான்" என்று சொன்னவர்களுக்கு அமெரிக்காவிலும் குறைவில்லை.

டிசெம்பர் 30ஆம் நாள், பார்மிங்ரன் பிணங்களின் மேலே பிறந்த சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்திலே ஜனாதிபதி கையொப்பமிட்டார். அன்றிரவு விடியுமுன், பென்சில்வேனியாவின் கிளார்க்ஸ்வில் ஊரிலுள்ள தமது வீட்டிலே, யாப்லொன்ஸ்கியும் மனைவி மார்கிரட்டும் இருபத்தைந்து வயதான மகள் சார்லட்டும் உறக்கத்திலே சுட்டுக் கொல்லப்பட்டனர். 1970 ஜனவரி 5ஆம் நாள் மகன் அவ்வீட்டிற்குச் சென்றபோதுதான் உலகம் அதனை அறிந்தது.

கொலைக்கான கட்டளை 1969 யூனிலேயே பிறந்தது என்பதும், ஐயம் எழாதிருக்கத் தேர்தல் முடியும்வரை அது ஒத்திவைக்கப்பட்டது என்பதும் பின்னர் வழக்குகளிலே வெளியாயின. கூலிக்கான 20,000 டொலர் எங்கிருந்து வந்தது? சங்கத்தின் பணத்திலிருந்து வந்தது. பத்தொன்பதாம் மாவட்டத்திலே "ஆராய்ச்சி, தகவற் குழு" என்று ஒன்றைக் காகிதத்திலே உண்டாக்கினர். ஓய்வு பெற்ற முதிய தொழிலாளரின் பெயரில் அப்பணத்தைச் செலவெழுதினர். பிறகு அவர்களிடமிருந்தே அதனைத் திரும்பப் பெற்றுக் கொலையாளிகளின் கையிற் கொடுத்தனர். தன் வர்க்கத்தின் பாதுகாப்புக்கென்று சுரங்கத் தொழிலாளி கொடுத்த காசு, தன் வர்க்கத்துக்காகப் பேசியவனைக் கொல்லும் கூலியாக மாறிற்று. இதற்குமேலே ஒரு துரோகத்தை எம்மாற் கற்பனை செய்ய முடியவில்லை.

இனி அந்த மூன்று மறுமொழிகளுக்கும் வருவோம்.

'உள்வீட்டு விவகாரம்' என்கின்றனர். எவருடைய வீடு? ஆயிரக்கணக்கானோரின் சந்தாவாலே கட்டிய வீட்டுக்குத் தலைவர் வாடகைக் குடியிருப்பாளரே அன்றி உரிமையாளர் அல்லர். உறுப்பினரே வீட்டுக்காரர், வீட்டுக்காரர் கூச்சலிட்டால் அயலார் எழுந்து வரத்தான் வேண்டும். விவகாரத்தை உள்ளே வைத்துத் தீர்க்கலாம் என்பவர்கள், உள்ளே தீர்ப்பதற்கு எந்த வாயிலைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று காட்டட்டும். பத்திரிகை தலைவருடையது, மாவட்ட நிருவாகி தலைவருடையவர், வாக்கெண்ணியவர் தலைவருடையவர். எல்லாக் கதவையும் தாளிட்டுவிட்டு, "ஏன் சன்னலாற் குதித்தாய்?" என்று கேட்பது நேர்மையாகாது.

'எதிரிக்கு ஆயுதம்' என்கின்றனர். எதிரிக்கு ஆயுதம் கொடுத்தவர் யார்? ஊழலைச் சுட்டிக் காட்டியவரா, ஊழல் செய்தவரா? சுரங்கத் தொழிலாளரின் நலநிதியைச் சங்கத்துக்குச் சொந்தமான வங்கியிலே வட்டியில்லாமல் பல ஆண்டுகள் கிடத்தி வைத்தனர். நுரையீரல் கறுத்த முதியவருக்கு மருந்துக்குப் பணமில்லை என்று கைவிரித்தனர். 1971இல் நீதிமன்றம் அதனைக் கண்டித்தது. நிலக்கரி முதலாளிக்கு இதைக்காட்டிலும் வாய்ப்பான நிலை வேறென்ன? உறுப்பினருக்கு அஞ்சும் தலைவன் முதலாளிக்கு அஞ்சமாட்டான். உறுப்பினருக்கு அஞ்சத் தேவையற்ற தலைவனோ முதலாளியோடு உறவாடுவான். பார்மிங்ரனில் 78 பேரைப் புதைத்த மண் காயுமுன் கம்பனிக்கு நற்சான்று கொடுத்த நாவும், எதிர்வேட்பாளனைக் கொல்லச் சொன்ன நாவும் ஒரே நாவே. இவ்விரண்டும் தற்செயலாக ஒருங்கு நேர்ந்தவை அல்ல. ஒன்று மற்றதன் விளைவு.

ஐக்கியம் என்பதென்ன? ஒருவர் பேசப் பிறர் வாய்மூடி நிற்றல் ஐக்கியமன்று. அது மயான அமைதி. வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் கட்டுண்டு நிற்பது, அம்முடிவிலே தமக்கும் பங்குண்டு என்ற உணர்வினாலேயே ஆம். அவ்வுணர்வைக் கொன்றபின் எஞ்சுவது வெறும் கும்பல். அல்லது வெறும் பயம்.

'தோற்றவன் புலம்பல்' என்பதற்கு நாம் சற்றுக் கவனமாகவே மறுமொழி கூறுதல் வேண்டும். ஏனெனில் அதிலே ஓரளவு உண்மை உண்டு. தோற்ற எல்லோரும் பழிவாங்கப்பட்டவர் அல்லர். பதவி இழந்த ஆத்திரத்தைக் கொள்கையாக உடுத்திக்கொண்டு வருவோர் எந்நாட்டிலும் உளர். ஆயினும், புலம்பலையும் முறைப்பாட்டையும் பிரித்தறியும் வழி முறைப்பாட்டைக் கேளாது விடுதலன்று, விசாரித்தலேயாகும். விசாரிப்போர் கேட்க வேண்டிய கேள்விகள் கடினமானவை அல்ல. இம்மனிதன் போட்டியிடும் முன்னர் இக்குற்றம் இவன்மேற் சுமத்தப்பட்டதா, பின்னரா? இதே தவறைச் செய்த தலைமையின் ஆதரவாளனுக்கும் இதே தண்டனை கிடைத்ததா? தண்டனை விதித்தவன் இவனால் எதிர்க்கப்பட்டவன்தானா? இவன் தன் பக்கத்தைச் சொல்ல உறுப்பினர் முன்னே மேடை கிடைத்ததா? யாப்லொன்ஸ்கியின் முறைப்பாட்டை இந்நான்கு கேள்விகளாலும் 1969 யூலையிலே எவரேனும் அளந்திருந்தால், டிசெம்பரில் மூன்று பிணங்கள் வீழ்ந்திரா.

இவ்விடத்தில் எதிர்ப்புறத்திலிருந்து எழும் ஒரு குரலுக்கும் நாம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். "பார்த்தீர்களா, தொழிற்சங்கம் என்றாலே கொள்ளைக் கூட்டம்" என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் அன்றும் எழுதின, இன்றும் எழுதுகின்றன. அவர்களுக்கு யாப்லொன்ஸ்கியின் மேலே இரக்கமில்லை; சங்கத்தின் மேலேயே பகை. அந்தச் சங்கத்தை மீட்டவர் யார் என்பதை அவர்கள் எழுதுவதில்லை. கொலைச் செய்தி கேட்டு மேற்கு வேர்ஜினியாவிலே ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். அவரது அடக்கத்தின் பின்னர் 1970இல் 'சனநாயகத்துக்கான சுரங்கத் தொழிலாளர்' என்னும் அமைப்பு பிறந்தது. மைக் டர்போவிச் என்ற சுரங்கத் தொழிலாளி, தேர்தல் வழக்கிலே தாமும் கட்சிக்காரராக நிற்கும் உரிமையை 1972 ஜனவரியில் உயர் நீதிமன்றத்திலே வென்றார். அவ்வாண்டு மே மாதம் 1969ஆம் ஆண்டுத் தேர்தல் செல்லாதென நீதிபதி தீர்ப்பளித்தார். டிசெம்பரில் நடந்த மறுதேர்தலில், தூசி நோயால் உடல் நலிந்த ஆர்னல்ட் மில்லர் என்னும் சுரங்கத் தொழிலாளி 70,373 வாக்குகள் பெற்று, 56,334 வாக்குகள் பெற்ற பொயிலை வீழ்த்தினார். தலைவரின் ஆண்டுச் சம்பளம் 50,000 டொலரிலிருந்து 35,000 ஆகக் குறைந்தது. மாவட்டங்கள் தம் நிருவாகிகளைத் தாமே தெரிவு செய்தன. முதலாளியோடு செய்யும் ஒப்பந்தத்தைத் தொழிலாளரே வாக்களித்து ஏற்கவோ தள்ளவோ உரிமை கிடைத்தது. பொயில் 1974இலும், மேன்முறையீட்டின் பின் 1978இலும் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டார்; 1985இல் கைதியாகவே இறந்தார்.

இவ்வெற்றியிலே எமக்குச் சங்கடம் தரும் ஓர் உண்மையும் உண்டு. அதனை மறைப்பது எழுத்தறம் ஆகாது. சுரங்கத் தொழிலாளர் பயன்படுத்திய 1959ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளரின் நண்பர்களால் இயற்றப்பட்டதன்று. மறியலையும் பகிஷ்கரிப்பையும் அது ஒடுக்கிற்று. கொம்யூனிஸ்ட் கட்சியினர் சங்கப் பதவி வகிப்பதையே தடை செய்தது. அத்தடையை உயர் நீதிமன்றம் 1965இல் நீக்க வேண்டியிருந்தது. ஆயினும் அதே சட்டத்தின் 609ஆம் பிரிவு, தன் உரிமையைப் பயன்படுத்திய உறுப்பினனைச் சங்கம் தண்டிக்கலாகாது என்று கூறிற்று. பகைவன் கட்டிய படிக்கட்டிலும் தொழிலாளி ஏற வேண்டி வந்தது. ஏன்? தன் சொந்தச் சங்கம் அவனுக்கு ஒரு படிக்கட்டையும் விட்டுவைக்கவில்லை. சங்க விவகாரத்திலே அரசு தலையிடலாகாது என்று முழங்கும் தலைவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். அரசை வாயிலுக்கு அழைத்து வருவது முறையிடுபவன் அல்லன். முறைப்பாட்டைக் கேளாத தலைமையே.

"அதெல்லாம் பழங்கதை, கெட்ட தலைவர்களின் கதை" என்று ஆறுதல் கொள்வோருக்கு ஒரு புதிய கதையும் சொல்வோம். அமெரிக்க ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர் இருவர் பண மோசடியிற் சிறை சென்றபின், 2021இல் உறுப்பினர் நேரடியாகவே தலைவரைத் தெரிவு செய்யும் உரிமையைப் பெற்றனர். 2023இல் ஷோன் பெயின் என்னும் சீர்திருத்தவாதி 483 வாக்குகளே கூடுதலாகப் பெற்று வென்றார். அவ்வாண்டே மூன்று பெரும் வாகனக் கம்பனிகளையும் ஒரே வேளையில் எதிர்த்து வேலைநிறுத்தத்தை நடத்தினார். நாமும் அதைக் கண்டு மகிழ்ந்தோம். ஆனால் 2024 பெப்ரவரியிலே, செலவுகளுக்கு ஒப்புதல் தரத் தயங்கிய சங்கப் பொருளாளர் மார்கிரட் மொக்கிடமிருந்து பல பொறுப்புகள் பறிக்கப்பட்டன. அது பழிவாங்கலே என்று நீதிமன்றம் நியமித்த கண்காணிப்பாளர் 2025 யூனிலே தம் அறிக்கையில் முடிவு செய்தார். கொலையோடு இதை நாம் ஒப்பிடவில்லை, ஒப்பிடுவது அநீதி. நாம் சுட்டுவது வேறொன்று. நல்ல மனிதரைத் தலைவராக்குவதாலே மாத்திரம் சங்கம் சனநாயகம் ஆகிவிடாது. தலைவர் எத்துணை வீரராயினும், அவருக்கு 'முடியாது' என்று சொல்பவரின் நாற்காலி அசையாதிருக்க வேண்டும். எதிரியின் முகாமிலே இருக்கும் தலைவரைக் கண்டிப்பது எளிது. எம் நெஞ்சுக்கு இனிய தலைவரிடம் இக்கேள்வியைக் கேட்பதே சோதனை.

இவ்விதழின் வாசகர்களிற் பெரும்பாலோர் ஆசிரியர்கள், மாணவர்கள். ஏதேனும் ஒரு சங்கத்தின் சந்தாப் பற்றுச் சீட்டு எமது சட்டைப் பையிலும் உண்டு. அடுத்த பொதுக் கூட்டத்திலே, எதிர்த்துப் பேசிய ஒரு தோழருக்கு ஒலிவாங்கி மறுக்கப்படலாம். அவர் பெயர் அடுத்த குழுவிலிருந்து அமைதியாக நீக்கப்படலாம். தூர ஊருக்கு மாற்றப்பட்டவருக்காகப் பேச வேண்டிய சங்கம், 'இவர் நம்மவர் அல்லர்' என்று பேசாதிருக்கலாம். கொலைகள் அங்கே தொடங்குவதில்லை. ஆனால் கொலைக்கு முந்திய எல்லாப் படிகளும் அங்கேதான் தொடங்குகின்றன. யாப்லொன்ஸ்கியிடமிருந்து முதலிற் பறிக்கப்பட்டது உயிரன்று. ஒரு பொறுப்பும், ஒரு பத்திரிகையில் ஓர் அங்குல இடமுமே.

ஆகையினால் நாம் கேட்பது பெரிதொன்றுமன்று. வாக்கு இரகசியமாக இருக்கட்டும். வாக்கெண்ணுவோர் இரு தரப்பாராலும் ஏற்கப்பட்டவராக இருக்கட்டும். சங்கப் பத்திரிகையிலே எதிர்வேட்பாளனுக்கும் சமமான இடம் கிடைக்கட்டும். ஒழுக்காற்று விசாரணையிலே குற்றஞ் சாட்டுபவனே நீதிபதியாக அமராதிருக்கட்டும். இவற்றை முதலாளியிடம் கேட்க நாம் தயங்குவதில்லை. எம் தலைவர்களிடம் கேட்கத் தயங்குவோமாயின், முதலாளியிடம் கேட்கும் உரிமையையும் நாம் இழந்தவர்களாவோம்.